அரை மணி நேரச் சரிவு

ஜெசிந்தா என்ற இரண்டாமாண்டு மாணவியை மகளிர் விடுதியின் மூன்றாம் மாடியிலிருந்து வேறிடத்துக்கு மாற்றும் படிவத்தில் சுபாஷிணி கையெழுத்துப் போட்டபோது, அந்தப் பெண்ணோடு அவள் பத்து நிமிடம்கூடப் பேசியிருக்கவில்லை. பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. தேவையானதெல்லாம் திரையில் இருந்தது.

ஈரோட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் சுபாஷிணிதான் மனநல ஆலோசகர். மூவாயிரத்து எண்ணூறு மாணவர்களுக்கு அவள் ஒருத்தி. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஆண்டு, ஒரே பருவத்தில் இரண்டு மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனின் அம்மா மூன்று நாள் கல்லூரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "ஆயிரம் கேமரா வச்சிருக்கீங்களே, எம் பையன் மனசுல என்ன இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியாமப் போச்சு?" என்று வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டாள். டீன் கந்தவேலுவால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. அதற்குப் பதிலாகத்தான் அவர் கைப்பட்டையைக் கொண்டுவந்தார்.

வாட்ச் போலத்தான் இருக்கும். நாடித்துடிப்பு, வியர்வை, தூக்கம், குரலின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் கவனித்து, கட்டியிருப்பவரின் மகிழ்ச்சியை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். கல்லூரி அதற்கு மலர்ச்சி எண் என்று பெயர் வைத்தது. மாணவர்கள் ஒரே வாரத்தில் அதை 'மார்க்' ஆக்கிவிட்டார்கள். ஆலோசகரின் திரையிலும் பெற்றோரின் செல்போனிலும் அது தெரியும். நாற்பதுக்குக் கீழே போனால் சுபாஷிணிக்கு அழைப்பு வரும். முதல் ஆண்டில் அப்படி வந்த அழைப்புகளால் நான்கு பேரையாவது காப்பாற்றியிருக்கிறோம் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

இரண்டாம் ஆண்டில் தாக்க வரைபடம் வந்தது. கைப்பட்டை செய்யும் நிறுவனத்திலிருந்து முபாரக் என்ற இளம் பொறியாளர் வந்து டீன் அறையில் அதை விளக்கினார்.

"பட்டைங்க ஒண்ணையொண்ணு அடையாளம் கண்டுக்கும் சார். யார் பக்கத்துல யார் உக்காந்தாங்க, அடுத்த அரை மணி நேரத்துல யாரோட மார்க் ஏறுச்சு, யாரோடது இறங்குச்சு. அதை மூணு மாசம் சேர்த்துப் பார்த்தா, யார் யாரை எப்படி பாதிக்கறாங்கன்னு தெரிஞ்சுடும்."

"அப்ப சந்தோசம் சளி மாதிரி ஒட்டிக்குமுங்களா?" என்றார் டீன்.

"ரெண்டுமே ஒட்டும் சார். சந்தோஷமும் ஒட்டும், துக்கமும் ஒட்டும்."

திரையில் விடுதி விரிந்தது. ஆளுக்கொரு புள்ளி, அவற்றுக்கிடையே கோடுகள். பெரும்பாலும் வெளிர்ப்பச்சை. மூன்றாம் மாடியில் மட்டும் ஒரு புள்ளி அடர்சிவப்பாக இருந்தது. அதோடு பழகிய இருபத்துமூன்று பெண்களின் எண்ணும், பழகிய அரை மணிக்குள் சராசரியாகப் பத்தொன்பது குறைந்திருந்தது.

"யாருங்க இந்தப் புள்ள?"

"ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கம். அப்பா விசைப்படகுல வேலை பார்க்கறார்" என்று சுபாஷிணி குறிப்பைப் படித்தாள். "புகார் எதுவும் இல்லைங்க சார். நல்லாத்தான் படிக்கறா."

"தண்டனை இல்லைங்க மேடம், அதைத் தெளிவா எழுதிக்குங்க. தனி ரூம் கொடுத்துடலாம். ஆசிரியர் குடியிருப்புல காலியா கிடக்குது. லேப் பேட்ச மாத்திடலாம். எதுக்குன்னு அந்தப் புள்ளைக்குச் சொல்ல வேண்டாம், மனசு ஒடஞ்சுபோகும்." டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்துமூணு புள்ளைங்க மேடம். ஒண்ணு போனாலும் என்னால தாங்க முடியாதுங்க."

சுபாஷிணி கையெழுத்துப் போட்டாள்.

மற்றதை மென்பொருள் பார்த்துக்கொண்டது. ஜெசிந்தா சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தால், அருகில் இருக்கும் பெண்களின் செல்போனில் 'இரண்டாம் கூடத்தில் கூட்டம் குறைவு' என்று ஒரு செய்தி வரும். நூலகத்தில் உட்கார்ந்தால், 'உங்களுக்கு ஏற்ற அமைதியான இடம் மாடியில் உள்ளது' என்று வரும். யாரும் யாரையும் விரட்டவில்லை. எல்லோரும் தற்செயலாக எழுந்து போனார்கள். மூன்றே வாரத்தில் விடுதியின் சராசரி ஆறு புள்ளி உயர்ந்தது. மாதாந்தரக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

நான்காவது வாரம் ஜெசிந்தா ஆலோசனை அறைக்கு வந்தாள். ஒல்லியான, உயரமான பெண். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மேடம், நான் யாருக்கு என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்லுங்க. மன்னிப்பு கேட்டுக்கிடுதேன்."

"நீ ஒண்ணும் செய்யலம்மா. உன் ரூம்ல மராமத்து வேலை இருந்துச்சு."

"என் ரூம்ல வேற பிள்ள இருக்காளே மேடம்."

சுபாஷிணி திரையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

"சாப்பிட உக்காந்தா பக்கத்துல இருக்கவிய போனைப் பாத்துட்டு எந்திச்சுப் போறாவ. முந்தி எங்கிட்ட ராவும் பகலும் பேசுன பிள்ளையளும் இப்ப கண்ணுல படமாட்டேங்காவ. என் மேல மீன் வாடை ஏதும் அடிக்கோன்னு தெனம் ரெண்டு தடவ குளிக்கேன். சோப்பு மாத்திப் பாத்துட்டேன்." அவள் அழவில்லை. தன் முழங்கையை மோந்து பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பி, பிறகு நேராக உட்கார்ந்தாள். "சரி, நீங்க சொல்ல மாட்டிய. வாரேன் மேடம்."

அவள் போன பிறகும் சுபாஷிணியால் அடுத்த வேலையைத் தொட முடியவில்லை. அந்த இருபத்துமூன்று பேரின் கோடுகளைத் திறந்தாள். ஜெசிந்தாவோடு உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் கோடு செங்குத்தாக இறங்கியிருந்தது. மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். அதற்குமேல் அது பார்ப்பதில்லை. சுபாஷிணி நேர அளவை அரை மணியிலிருந்து ஆறு மணி நேரமாக்கினாள். பிறகு மூன்று நாளாக்கினாள்.

இறங்கிய கோடு அடுத்த நாள் ஏறியது. பழைய இடத்தைத் தாண்டி ஏறியது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. ஜெசிந்தாவிடம் அவர்கள் மனதிலிருந்ததைக் கொட்டி அழுதிருக்க வேண்டும் என்று தோன்றியது.

முபாரக்கைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அரை மணி நேரம்னு எதுக்கு வச்சீங்க?"

"அதுக்கு மேல போனா வேற காரணமெல்லாம் கலந்துடும் மேடம். கிளாஸ் டெஸ்ட், காதல், வீட்டுப் பிரச்சனைன்னு. யாரால இறங்குச்சுன்னு சுத்தமா சொல்ல முடியாது."

"அரை மணியில ஒருத்தி அழுதுகூட முடிக்க மாட்டாளே, முபாரக்."

"அவங்க அழுதாங்களா மேடம்?" என்றார். "எங்களுக்கு அது தெரியாது. எண் மட்டும்தான் வரும்."

சுபாஷிணி போனை வைத்துவிட்டு மறுபடி கோடுகளைப் பார்த்தாள். அவற்றில் ஒன்று அவளை நிறுத்தியது. பவதாரணி, ராசிபுரம், மூன்றாமாண்டு. ஜெசிந்தாவின் பக்கத்து அறைக்காரி. பருவம் தொடங்கியதிலிருந்து பதினேழு முறை ஜெசிந்தாவோடு உட்கார்ந்து, பதினேழு முறையும் நாற்பத்தைந்துக்கு இறங்கி, பிறகு ஏறியிருக்கிறாள். ஜெசிந்தாவை மாற்றியபின் பதினைந்து நாள் கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. அதன் பிறகு எண்பத்துநான்கு. ஒன்பது நாளாக அதே எண்பத்துநான்கு. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. போன வாரம் அறிவிப்புப் பலகையில் 'இந்த மாத மலர்ச்சி' என்று அவள் படத்தைத்தான் ஒட்டியிருந்தார்கள்.

நீண்ட நாள் தவித்த ஒருவர் சட்டென்று அமைதியானால் அப்போதுதான் பயப்பட வேண்டும். முதுகலை முதல் பருவத்திலேயே சுபாஷிணி படித்த பாடம் அது.

மதியம் இரண்டரை மணி. பவதாரணி வகுப்பில் இல்லை. அறையிலும் இல்லை. செல்போன் அணைந்திருந்தது. பட்டையின் இருப்பிடம் கல்லூரி எல்லைக்கு வெளியே போய்விட்டதாகக் காட்டியது, எங்கே என்று காட்டவில்லை. காவலரையும் வார்டனையும் தேட அனுப்பிவிட்டு, சுபாஷிணி ஆசிரியர் குடியிருப்புக்கு ஓடினாள்.

ஜெசிந்தா கதவைத் திறந்தாள்.

"பவதாரணி எங்க போவான்னு உனக்குத் தெரியுமா? அவளைக் காணோம்."

"எனக்கு எப்படி மேடம் தெரியும்? அவ எங்கிட்டப் பேசியே ஒரு மாசம் ஆச்சு."

"அவளா நிறுத்தலை. நாங்க பிரிச்சோம். உன்கிட்டப் பேசுனா அவங்க மார்க் இறங்குதுன்னு மிஷின் சொல்லுச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்." மூச்சு வாங்கியது சுபாஷிணிக்கு. "திட்டணும்னா அப்புறம் திட்டு. இப்ப அவ எங்கன்னு மட்டும் யோசி."

ஜெசிந்தா அவளையே பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். "ஸ்டேஷன்" என்றாள் முன்னால் நடந்தபடியே. "வீட்டுக்குப் போகணும் போல இருந்தா அங்க போய் ரயிலப் பாத்துட்டு வருவேன்னு சொல்லிருக்கா."

கல்லூரிக்குப் பின்னால் ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒரு சிறிய ரயில் நிலையம். பாசஞ்சர் மட்டும்தான் நிற்கும். சுபாஷிணியின் ஸ்கூட்டரில் போய் இறங்கியபோது நடைமேடை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கடைசி சிமென்ட் பெஞ்சில் பவதாரணி தனியாக இருந்தாள். பை இல்லை, பயணச்சீட்டு இல்லை. கைகளை மடியில் வைத்து, பரீட்சை முடிந்த பெண்ணைப்போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வந்துவிட்டதால் சுபாஷிணியின் செல்போனில் அவள் எண் இப்போது தெரிந்தது. எண்பத்துநான்கு.

ஜெசிந்தா போய் அவளுக்கும் நடைமேடை விளிம்புக்கும் நடுவே தரையில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, வெயில்ல இங்க என்ன செய்த?"

பவதாரணி நிமிர்ந்தாள். "நீ எங்கூடப் பேச மாட்டேன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

தூரத்தில் லெவல் கிராசிங்கில் மணி அடித்தது. சுபாஷிணி நிலைய அதிகாரியின் அறை வாசலில் நின்று, நிலைமையை அவரிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் உடனே எழுந்து ஒரு தொலைபேசியை எடுத்தார்.

"எங்கம்மா இப்பல்லாம் சாப்பிட்டியான்னு கேக்கறதில்ல" என்றாள் பவதாரணி. "மார்க்கப் பாத்துக்கறாங்க. எம்பத்துநாலு, புள்ள நல்லா இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. எனக்கு ஆறு பேப்பர் அரியர் நிக்குது ஜெசி. அதை எப்படிச் சொல்றது? நீ இருந்தா சொல்லியிருப்பேன். அப்புறம் ஒரு நாள் எல்லாமே லேசா ஆயிடுச்சு. எதுவுமே வலிக்கல. இங்க எதுக்கு வந்தேன்னு கேட்டா..." அவள் நிறுத்தினாள்.

"சொல்லு."

அவள் சொன்னாள். சொல்லும்போது முகம் கோணியது, குரல் உடைந்தது. ஜெசிந்தா எந்த ஆறுதலும் சொல்லவில்லை. பவதாரணியின் பாதத்தின் மேல் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சுபாஷிணியின் கையில் செல்போன் அதிர்ந்தது. எழுபது. ஐம்பத்தைந்து. முப்பத்தெட்டு. 'அவசரம்: தாக்கம் தரும் நபரை மாணவியின் அருகிலிருந்து அகற்றவும்.' மறுபடி அதிர்ந்தது. இருபத்தாறு. சுபாஷிணி செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். ரயில் மிக மெதுவாக ஊர்ந்து வந்து, நிலையத்துக்கு வெகுமுன்பே நின்றது. அன்று பவதாரணி முக்கால் மணி நேரம் அழுதாள்.

அவளை ஈரோட்டில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ராசிபுரத்திலிருந்து அம்மா வந்து மகளின் கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். இரண்டு மாதம் கழித்து, மருந்தோடும் மருத்துவரின் அனுமதியோடும், பவதாரணி திரும்பி வந்தாள்.

சுபாஷிணி எழுதிய பன்னிரண்டு பக்க அறிக்கையை டீன் இரண்டு முறை படித்தார். அவர் கண் கலங்கியது. "தப்பு நம்ம மேலதானுங்க" என்றார். ஜெசிந்தாவை வரவழைத்து, நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். நிறுவனமும் தவறை ஒப்புக்கொண்டது. புதிய மென்பொருள் மூன்று நாள் கணக்கைப் பார்த்தது. ஜெசிந்தாவின் சிவப்புப் புள்ளி, விடுதியிலேயே அடர்ந்த பச்சையானது. அவள் தன் பழைய அறைக்குத் திரும்பினாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் ஜெசிந்தாவுக்கு ஓர் அட்டவணை வந்தது. 'கேட்கும் தோழி' என்று பதவியின் பெயர். தினமும் மாலை நான்கு முதல் ஆறு வரை, ஆளுக்கு அரை மணி என்று நான்கு பேர். எண் குறைந்தவர்களை மென்பொருள் தேர்ந்தெடுத்து அவளிடம் அனுப்பும். அவள் மறுக்கவில்லை. பவதாரணியை நினைத்திருக்க வேண்டும். ஆறு வாரம் உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு மாலை சுபாஷிணியின் அறைக்கு வந்து, "ஊருக்குப் போறேன் மேடம். அங்கனயே ஒரு காலேஜ்ல எடம் கேட்டிருக்கு" என்றாள்.

"ஏம்மா? எல்லாரும் உன்னைக் கொண்டாடறாங்களே."

"முந்தி அந்தப் பிள்ளையள யாரும் அனுப்பல. அவியளா வந்தாவ. நானும் எங்கதையச் சொல்லுவேன். எங்கம்ம செத்தத பவதாரணிட்டதான் மொதல்ல சொன்னேன். இப்ப வாறவிய டாக்டரப் பாக்க வந்த மாதிரி உக்காருதாவ. அரை மணி ஆனதும் எந்திச்சுப் போறாவ. ஒருத்திகூட, ஜெசி நீ எப்படி இருக்கன்னு கேக்கல." அவள் சிரிக்க முயன்றாள். "அவியளச் சொல்லி குத்தமில்ல மேடம். அட்டவணைல அதுக்கு எடம் இல்ல."

சுபாஷிணிக்கு அப்போதுதான் உறைத்தது, தானும் கேட்டதில்லை என்று. மன்னிப்புக் கேட்டாள். ஜெசிந்தா தலையசைத்தாள். அது ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று தெரியவில்லை. பருவத் தேர்வு முடிந்த அன்று அவள் அப்பா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

விடுமுறை முடிந்து விடுதி திறந்த மறு வாரமே மென்பொருள் அவள் இடத்துக்கு வேறொரு பெயரைப் பரிந்துரைத்தது. மருத்துவமனையிலிருந்து வந்த பின் விடுதியில் பலரும் தேடிப்போய்ப் பேசும் பெண், பேசியவர்களின் எண் மூன்றாம் நாள் உயர்கிறது. பவதாரணி.

சுபாஷிணி படிவத்தை எடுத்துக்கொண்டு டீன் அறைக்குப் போனாள்.

"முடியாதுங்க சார். அந்தப் பொண்ணு இப்பத்தான் தன்னைத் தாங்கவே கத்துக்கறா. அவ மேல தினம் நாலு பேரை ஏத்த முடியாது."

"எனக்கும் சங்கடமாத்தானுங்க இருக்குது. ஆனா கேக்கறதுக்கு வேற ஆள் இல்லீங்களே மேடம்." டீன் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். "நீங்க கையெழுத்துப் போடலேன்னாலும் ஏழு நாள்ல அது தானா ஒப்புதல் ஆயிடுமுங்க. அப்படித்தான் வச்சிருக்காங்க."

"கேக்கறதுக்கு நீங்க இருக்கீங்க. நான் இருக்கேன். நூத்தித் தொண்ணூறு வாத்தியாருங்க இருக்காங்க சார்."

"எல்லாரும் சிலபஸ் முடிக்கணுமுங்களே" என்றார் அவர்.

சுபாஷிணி அங்கிருந்து நேராக மகளிர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். மதிய உணவு வேளை. நூறு பேருக்குமேல் இருந்தார்கள். பவதாரணி ஜன்னலோர மேசையில் இருந்தாள். முதலில் அவள் எதிரில் உட்கார்ந்து, அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, "எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். பவதாரணி தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே யோசித்துவிட்டு, "சொல்லுங்க மேடம்" என்றாள்.

சுபாஷிணி எழுந்து நின்று சொன்னாள். பட்டைக்கு எண் மட்டும்தான் தெரியும் என்பதை, அழுகைக்கும் ஆபத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாததை, ஜெசிந்தாவை அவர்களிடமிருந்து எப்படிப் பிரித்தார்கள் என்பதை, செல்போனில் வந்த செய்திகள் எதற்காக வந்தன என்பதை, அந்தப் படிவத்தில் இருந்தது தன் கையெழுத்து என்பதை. எதையும் விடவில்லை. கரண்டிச் சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றது. ஒரு மூலையில் யாரோ தேம்பினார்கள். ஜெசிந்தாவின் பக்கத்திலிருந்து எழுந்து போன பெண்கள் அவர்கள்தானே.

பேசி முடித்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் சுபாஷிணி அப்படியே நின்றாள். இன்று மாலைக்குள் வேலை போய்விடும் என்று தோன்றியது.

கண்ணாடி போட்ட முதலாமாண்டுப் பெண் ஒருத்தி கையை உயர்த்தினாள். "மேடம், எனக்கு எப்பவும் தொண்ணூறுக்கு மேல இருக்கும். அப்ப நான் சந்தோசமா இருக்கேனா, இல்லையா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள் சுபாஷிணி. "நீதான் சொல்லணும்."

அந்தப் பெண் தன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்தவர்களையும் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் யோசித்தாள். கூடம் முழுக்கக் காத்திருந்தது.

"எனக்கு இங்க பிடிக்கலைங்க மேடம்" என்றாள் அவள். பக்கத்தில் இருந்த பெண் தன் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.